தத்தெடுக்க ஆள் தேவை!

லேபில் அடிக்கடி நடக்கிற ஒரு காட்சி. புதுசாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். ஃபர்ஸ்ட் இயர் தம்பி கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து 'பைத்தான்' என்று டைப் அடிக்கிறார். 'அப்படி ஒரு கட்டளையே கிடையாது' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி பதில் வருகிறது. பக்கத்து சீட்டிலிருந்து சீனியர் எட்டிப் பார்க்கிறார். "டேய், பைத்தான்3-னு அடிடா!" அடித்ததும் ஓடுகிறது. மேட்டர் ஓவர். ரெண்டு பேரும் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நமக்கு மேட்டர் இங்கேதான் ஆரம்பம். அந்த ஒரு '3' அங்கே வந்து ஒட்டிக்கொள்வதற்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது. சம்பளம் வாங்காத, பெயர்கூட நமக்குத் தெரியாத ஆட்களின் ராத்தூக்கம் இருக்கிறது. ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரிகிற மாதிரி, 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்தால் கம்பைலர் வருகிறது, டீபக்கர் வருகிறது, வேண்டிய லைப்ரரி எல்லாம் வருகிறது. இதையெல்லாம் அங்கே கொண்டுவந்து வைத்தது யார்? அந்த ஆள் ஒருநாள் "போதும்டா சாமி" என்று போய்விட்டால் என்ன ஆகும்? இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

காதலி பெயரில் ஒரு இயங்குதளம்

உதாரணத்துக்கு டெபியனை எடுத்துக்கொள்வோம். 1993 ஆகஸ்டில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் என்ற மாணவர் ஆரம்பித்த கட்டற்ற இயங்குதளம் இது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். (பெஞ்சில் காம்பஸால் ஹார்ட்டின் செதுக்குகிற நம்ம ஆட்கள் கவனிக்க!)

இன்றைக்கு நீங்கள் போடுகிற உபுண்டுவுக்கு அஸ்திவாரம் டெபியன்தான். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதன் மேல் கட்டியதுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு கூடவே இந்த பாஸும் வந்தது. உங்க அண்ணனோ அக்காவோ அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்களேன்!

2025 ஆகஸ்ட் 9-ம் தேதி டெபியன் 13 வெளியானது. பெயர் 'டிரிக்ஸி'. டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துக் கதாபாத்திரங்களின் பெயர்தான். அந்தப் பதிப்பில் இருக்கும் பேக்கேஜ்கள் 69,830. இத்தனைக்கும் டெபியனுக்கு எம்.டி. கிடையாது, ஹெச்.ஆர். கிடையாது, மாசக் கடைசியில் சம்பளமும் கிடையாது. அதிகாரபூர்வ டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர், அவர்களைச் சுற்றி உதவி செய்கிறவர்கள். அவ்வளவுதான் படை.

விளைவிக்கிறவர் வேறு, சந்தைக்குக் கொண்டுவருகிறவர் வேறு

நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. பைத்தானை உருவாக்கியவர்களே நேராக நம் மெஷினில் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை.

ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து ஒரு லைப்ரரி எழுதுகிறார். அதை டெபியனுக்குக் கொண்டுவருபவர் இன்னொருவர். அவர்தான் பராமரிப்பாளர். மூலக் கோடை எடுத்து, லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபைலாகப் பார்க்கணும். அது எந்தெந்த லைப்ரரியை நம்பியிருக்கிறது என்று பட்டியல் போடணும். இன்டெல், ஆர்ம் என்று பலவகை பிராசஸர்களிலும் கம்பைல் ஆகிறதா என்று பார்க்கணும். டெஸ்ட் ஓட்டணும். புது வெர்ஷன் வந்தால் மறுபடி முதலில் இருந்து. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் ராத்திரி 2 மணிக்கும் எழுந்து ஒட்டுப் போடணும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவருக்கு ஓடவில்லை என்றால், திட்டு வாங்கணும்!

விளையாட்டு ஆப் ஒன்று கெட்டுப்போனால் அது மட்டும்தான் கெடும். புரோகிராமிங் கருவி அப்படியில்லை. ஒரு கம்பைலரிலோ அடிப்படை லைப்ரரியிலோ கோளாறு வந்தால், அதை வைத்துச் செய்த ஆயிரம் சாமான் கூடவே ஆடும். இவ்வளவு முக்கியமான வேலையைப் பல இடங்களில் ஒற்றை ஆள்தான் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

அநாதைகள் பட்டியல்

டெபியனில் ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. வேலைக்கு ஆள் தேவைப்படும் பேக்கேஜ்களின் பட்டியல். அதில் வருகிற வார்த்தைகளைக் கேட்டால் ஏதோ இல்லத்து அறிவிப்பு மாதிரியே இருக்கும். 'உதவி தேவை' என்பது ஒரு வகை. 'தத்தெடுக்க ஆள் தேவை' என்பது இன்னொரு வகை. "என்னால் முடியவில்லை, யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை பார்த்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம். மூன்றாவது வகை 'அநாதை'. பார்த்துக்கொண்டிருந்தவர் கைவிட்டுவிட்டார், யாருமே இல்லை!

சிலர் சொல்லிக்கொண்டு போவார்கள். சிலர் சொல்லாமலே காணாமல் போவார்கள். கல்யாணம், குழந்தை, புது வேலை, உடம்பு சரியில்லை, அல்லது சும்மா சலிப்பு. இப்படிக் காணாமல் போகிறவர்களைத் தேடி, "நல்லா இருக்கீங்களா? இந்த பேக்கேஜை நீங்கதான் பார்த்துக்கறீங்களா?" என்று பக்குவமாக விசாரிக்கவே டெபியனில் தனியாக ஒரு குழு இருக்கிறது. பதில் வராவிட்டால் பேக்கேஜை விடுவித்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். மெயின்டெனர் என்பவரும் மனுஷர்தான் என்று ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது.

அரை விநாடியில் தப்பித்த கதை

ஒற்றை ஆளை நம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-ல் நடந்ததே சாட்சி.

'எக்ஸ்இசட்' என்று ஒரு கருவி. ஃபைலைச் சுருக்கி வைக்கிற வேலை. டெபியன் பேக்கேஜ்களே அதைக்கொண்டுதான் சுருக்கப்படுகின்றன. பல வருஷமாக அதை ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர். 2022-ல் சிலர் அவரைப் பொதுவெளியில் நெருக்கினார்கள். "ஏன் இவ்வளவு லேட்? முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதானே?" என்ற ரகத்தில். தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் கைகொடுக்க வந்தவர் போல ஒருவர் நின்றார். 'ஜியா டான்' என்று பெயர். 2021-லிருந்தே ஒழுங்காக, பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 வெர்ஷனுக்குள், பூட்டிய சர்வருக்குள் வெளியாள் நுழைய ஒரு திருட்டு வாசல் இருந்தது! அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது தனி ஆளா, கும்பலா என்பது வெளியில் வரவே இல்லை.

பிடிபட்டது எப்படி? ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற என்ஜினீயர், டெபியனின் நிலையற்ற பதிப்பில் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சர்வருக்குள் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. நாமாக இருந்தால் "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் விடாமல் நோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கே சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் நம்பியிருக்கும் நிலையான பதிப்புக்குள் போவதற்கு முன்பே தடுத்தாகிவிட்டது. டெபியன்காரர்கள் அவசரமாகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பியபோது வைத்த நம்பர் '5.6.1+ரியலி5.4.5'. "பார்க்கத்தான் 5.6.1, நிஜமாகவே 5.4.5-தான்" என்று அர்த்தம். அந்தப் பதற்றத்திலும் ஒரு நக்கல்!

இந்தக் கதையை எல்லோரும் ஹேக்கிங் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது தனிமையின் கதையாகத்தான் தெரிகிறது. களைத்துப்போன ஒருவர் பக்கத்தில் நிஜமான நாலு பேர் நின்றிருந்தால், போலியான ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா?

ஊர் கூடினால்தான் தேர்

அந்த நாலு பேரை எப்படிச் சேர்ப்பது? இதற்கு டெபியனுக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெர்ல் குழு.

பெர்ல் மொழிக்கான லைப்ரரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆளுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் போனதும் நாலு அநாதை ஆகிவிடும். 2004-ல் ஆரம்பித்த இந்தக் குழு வேறு வழியில் யோசித்தது. பேக்கேஜ் தனி ஆளுடையது இல்லை, குழுவுடையது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் குழுவின் பெயர். வேலை செய்தவர்களின் பெயர் அதற்குக் கீழே. குழுவில் உள்ள எவரும் எந்த பேக்கேஜையும் தொடலாம், திருத்தலாம். இன்றைக்கு 3,000-க்கும் அதிகமான பேக்கேஜ்களை இப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

"எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லையே சார், ஹாஸ்டல் பாத்ரூம் மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் சில ஏற்பாடுகள்.

முதலாவது, எல்லா பேக்கேஜும் ஒரே மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்ற எல்லாவற்றிலும் கை வைக்கலாம். இரண்டாவது, மெஷின் செய்யக்கூடியதை மெஷினிடம் விட்டுவிட்டார்கள். ஒரு பெர்ல் லைப்ரரியைக் கொடுத்தால் டெபியன் பேக்கேஜின் எலும்புக்கூட்டைத் தானே கட்டித் தர ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று தானாகப் பார்க்க இன்னொன்று. மூன்றாவது, எங்கே பக் இருக்கிறது, எது பழசாகிக் கிடக்கிறது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரே இடத்தில் பட்டியல். "எனக்குத் தெரியாதே" என்று யாரும் சொல்ல முடியாது. நான்காவது, புதுசாக வருகிறவர் செய்ததைப் பழைய ஆள் ஒருவர் பார்த்துச் சரிசொன்ன பிறகுதான் உள்ளே போகும்.

தேர்த் திருவிழா பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஊரே நிற்கும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு சில பேர் குனிந்தபடியே வருவார்கள், கவனித்திருக்கிறீர்களா? கட்டையைச் சரியான நேரத்தில் போட்டு எடுக்க அவர்கள் இல்லாவிட்டால் தேர் திரும்பாது, நிற்கவும் செய்யாது. நல்ல குழுவுக்கு ரெண்டு வகை ஆளும் வேணும்.

அந்த '3' வந்த கதை

இப்போது லேப் தம்பியிடம் திரும்புவோம். பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2-க்கு 2015-ல் மூடுவிழா என்றார்கள். யாரும் நகர்கிற மாதிரி தெரியாததால் 2020-க்குத் தள்ளிப்போட்டார்கள். (அசைன்மென்ட் கடைசித் தேதி மாதிரியே!) 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு நின்றது.

டெபியனில் பைத்தான் 2-ஐ நம்பியிருந்த பேக்கேஜ்கள் ஆயிரக்கணக்கில். ஒரே நாளில் பிடுங்கினால் எல்லாம் சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாக ஒரு பக் பதிவுசெய்து, எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளக் குறி போட்டார்கள். மரத்தை வெட்டுவது மாதிரிதான், ஆனால் இலையிலிருந்து ஆரம்பித்தார்கள். வேறு எதுவும் நம்பியிராத பேக்கேஜ் எதுவோ அதை முதலில் மாற்று, அல்லது நீக்கு. இலை போனதும் கிளை இலையாகிவிடும். அடுத்து அது. இப்படியே வேர்வரைக்கும்.

மாற்ற முடிந்ததை மாற்றினார்கள். எழுதியவரே கைவிட்டுவிட்டதை வருத்தத்தோடு நீக்கினார்கள். 2021-ல் வந்த டெபியன் 11-லும் பைத்தான் 2 ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல்தான் முழுசாகக் காணாமல் போனது. வெறும் 'பைத்தான்' என்று அடித்தால் எதைச் சொல்கிறீர்கள் என்ற குழப்பம் வரக்கூடாது என்றுதான் அந்த '3'. வேண்டுமானால் 'பைத்தான்-ஈஸ்-பைத்தான்3' என்று ஒரு குட்டி பேக்கேஜ் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் '3' இல்லாமலே ஓடும். அடுத்த தடவை சீனியரிடம் சொல்லி அசத்துங்கள்!

டி-ஷர்ட் கலாட்டா

"நாங்களும் உதவி செய்யறோம் சார்" என்று கிளம்புவதற்கு முன்னால் கசப்பான கதை ஒன்று.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கிளவுட் நிறுவனம் போட்டி வைக்கும். அப்போதெல்லாம் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசமாகக் கிடைத்தது. 2020 அக்டோபரில் என்ன ஆனது தெரியுமா? ஒரு கமா, ஒரு ஸ்பேஸ், 'அமேசிங் புராஜெக்ட்' என்று ஒரு வரி என வெட்டித் திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. இந்தியாவில் பிரபலமான ஒரு வீடியோ பாடமும் இதற்குக் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. ஏற்கெனவே களைத்துக்கிடந்த மெயின்டெனர்கள் ராத்திரி பகலாகக் குப்பை அள்ளினார்கள். விருப்பம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டும்தான் இனி கணக்கில் வரும் என்று சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்க்க ஆசைப்படுவது தப்பில்லை. எல்லோருக்கும் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கிறது, வீட்டில் எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் உதவி என்ற பெயரில் இன்னொருவருக்கு வேலை வைத்துவிட்டு வரக்கூடாது. அந்தப் பக்கம் இருப்பதும் ஒரு மனுஷர்தான்.

நம்ம காலேஜில் என்ன செய்யலாம்?

தனியாக ஆரம்பிக்காதீர்கள். அஞ்சு பேர் சேருங்கள். ஒரு மெஷினில் டெபியன் போடுங்கள். அதில் 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதைப் போட்டால், உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்களில் எது அநாதை, எதற்கு ஆள் தேவை என்று அதுவே சொல்லும். நீங்கள் தினமும் பயன்படுத்துகிற ஏதோ ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கும்போது வருகிற அதிர்ச்சி இருக்கிறதே!

முதல் வாரமே கோடு எழுத வேண்டாம். பழைய பக் ஒன்றை எடுங்கள். அது இன்னும் வருகிறதா என்று உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். "இந்த வெர்ஷனில், இப்படிச் செய்தால், எனக்கும் வருகிறது" என்று தெளிவாக நாலு வரி எழுதுங்கள். "இப்போது வருவதில்லை" என்றாலும் எழுதுங்கள். மெயின்டெனருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அடுத்து, விளக்கக் குறிப்பில் உள்ள தப்பைத் திருத்துவது. அதற்கடுத்து, குழுவாகப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி ஒன்றின் புது வெர்ஷனைத் தயார் செய்வது. நீங்கள் செய்ததை டெபியன் டெவலப்பர் ஒருவர் சரிபார்த்து உங்கள் சார்பில் ஏற்றுவார். அவர் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்காக முட்டுக்கட்டை போடுகிறார், உங்களுக்கு எதிராக இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வேலை என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் தமிழ்நாட்டு மினி டெபியன் மாநாடு நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் உலக டெபியன் மாநாடே கொச்சிக்கு வந்தது. இந்தியக் கல்லூரிகள் சிலவற்றில் ரூபி, நோட் ஜேஎஸ் லைப்ரரிகளை பேக்கேஜ் செய்யும் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. அங்கே விளையாட்டாக ஆரம்பித்து அதிகாரபூர்வ டெவலப்பர் ஆனவர்களும் உண்டு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூணாவது வருஷம் போய் நாலாவது வருஷம் வந்ததும் உங்களில் மூணு பேர் பிளேஸ்மென்ட் பரபரப்பில் காணாமல் போவீர்கள். பரவாயில்லை, அது இயல்புதான். போவதற்கு முன்னால் ஒரு ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால், "என்னால் முடியவில்லை, வேறு ஆள் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போவதுதான் தப்பு.

இயன் மர்டாக் 2015 டிசம்பரில் காலமானார். 2017-ல் வந்த டெபியன் 9-ஐ அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். ஆரம்பித்தவர் போன பிறகும் அடுத்தடுத்த பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. வடத்தைப் பிடிக்க வேறு கைகள் வந்து சேர்ந்துகொண்டதுதான் காரணம்.

அடுத்த தடவை 'பைத்தான்3' என்று அடிக்கும்போது, அந்த '3'-ஐ ஒரு விநாடி பாருங்கள். வேண்டாம், அரை விநாடி போதும்!

அடுத்த வாரம் சந்திப்போம்.